'இட்' நடுவில் வந்த கதை

விளக்கை அணைக்கச் சொல்ல ஆங்கிலத்தில் 'டர்ன் ஆஃப் த லேம்ப்' எனலாம். 'டர்ன் த லேம்ப் ஆஃப்' என்றாலும் தவறில்லை. ஆனால், 'லேம்ப்' இருந்த இடத்தில் 'இட்' வந்துவிட்டால் 'டர்ன் இட் ஆஃப்' ஒன்றே சரி. 'டர்ன் ஆஃப் இட்' என்று சொல்லிவிட்டு, பிறர் நகைத்ததால் ஆய்வுக்கூடத்தில் வாயே திறவாத தமிழ்வழி மாணவர்கள் உண்டு. காரணத்தைத்தான் அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில், திசை காட்டும் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றது. இன்றைய 'கோ அவுட்' அன்று 'ஊட்கான்'. நம் 'வெளியேறு' போலத்தான்! பின்னர், வினைச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னே நிலைபெற்றது. திசைச்சொல் பின்னே தங்கியது. முதலாம் ஹென்றி மன்னர் மடாதிபதி ஒருவரைப் பதவி துறக்கச் செய்ததைப் பீட்டர்பரோ மடத்து ஆண்டுக்குறிப்பு 1132-ஆம் ஆண்டின்கீழ்க் கூறுகிறது. அங்கே 'கிவ் அப்' என்னும் இன்றைய வரிசையையே காண்கிறோம். அயல்நாட்டாருக்கு இவ்வகை வினைகளே பெருந்தொல்லை என்று சாமுவேல் ஜான்சன் தம் அகராதியின் முன்னுரையில் 1755-இலேயே எழுதினார்.

சரி, 'இட்' ஏன் நடுவில் வருகிறது? அது முன்பே தெரிந்த பொருளைச் சுட்டும் மெலிந்த சொல். ஆங்கில வாக்கியத்தின் இறுதியிடமோ பொதுவாகப் புதுச் செய்திக்கு உரியது. இங்கே செய்தி 'ஆஃப்'. சொல்லிப் பாருங்கள், அழுத்தம் அதன்மேல்தான் விழும். 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' அழுத்தம் பெறுவதில்லை. அது 'இட்'டைச் சார்ந்த முன்னிடைச்சொல். ஆகவே அங்கே 'இட்' கடைசியிலேயே நிற்கிறது.