நீலே நீலேவுக்கு முந்தின நிலா

மும்பையில் வளர்கிற நம்ம பிள்ளைகளிடம் 'இளைய நிலா' பாட்டின் ஆரம்பக் கிடாரை மட்டும் போட்டுப் பாருங்கள். "ஓ, நீலே நீலே அம்பர் பர்!" என்பார்கள். சுனாபட்டியிலும் இதே கதைதான், மாட்டுங்காவிலும் இதே கதைதான். அவர்களைக் கோபித்து என்ன செய்ய? முதல் வரவு எது என்று யாரும் காட்டவில்லையே.

பேங்க்காரன் புத்தி, தேதி வாரியாகவே சொல்கிறேன். 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது 1982ல். ஆர்.சுந்தர்ராஜன் இயக்கிய முதல் படம். இசை இளையராஜா, வரிகள் வைரமுத்து, குரல் எஸ்.பி.பி., திரையில் மோகன். இந்தி 'கலாகார்' வந்தது 1983ல். மனோஜ் குமாரின் மகன் குணால் கோஸ்வாமியும் நம்ம ஸ்ரீதேவியும் நடித்தது. பாடியவர் கிஷோர் குமார். இசை என்று பெயர் போட்டது கல்யாண்ஜி-ஆனந்த்ஜிக்கு. மெட்டு மட்டும் நம்ம மெட்டு!

சரி, அந்தப் பாட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? மேல்நாட்டில் 'சாஃப்ட் ராக்' என்பார்களே, கத்தாத, அவசரப்படாத ராக், அந்த ஜாதி. கிடாரில் கார்டை மொத்தமாக அடிக்காமல், கம்பி கம்பியாக விரலால் பிரித்து வாசிப்பது ஒரு வித்தை. இதில் அதை வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். கீழே கிடார் துறுதுறுவென்று ஓடுகிறது, மேலே எஸ்.பி.பி. எந்த அவசரமும் இல்லாமல் மிதக்கிறார். நடுவில் புல்லாங்குழல் வேறு. நமக்குக் கிடைக்கிற அந்த நிம்மதி இந்த இரண்டு வேகத்துக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

இது தற்செயலாக அமைந்ததில்லை. ராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வு எழுதியவர். இசையமைப்பாளர் ஆவதற்கு முன் கிடார் வாசித்தே சம்பாதித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுகிற வசதியெல்லாம் வராத காலம் அது. ஒருத்தர் விரல் பிசகினால் மறுபடி முதலிலிருந்து! கேட்பவர் சாய்ந்து உட்கார, வாசித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிஷோர்தா பாடியதும் அருமைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. இன்றைக்கும் இந்த ஊரில் கிடார் கற்றுக்கொள்ளும் பையன்கள் அந்த ஆரம்பத்தைத்தான் தட்டித் தடவிப் பழகுகிறார்கள். அது பண்ணைப்புரத்துக்காரர் போட்ட மெட்டு என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அடுத்த தடவை வீட்டில் இரண்டையும் போடுங்கள். 1982ஐ முதலில்.