ஜொகூர் நீரிணையோரம்: ஸ்டுடியோ துணைக் கலைஞர்களின் வரலாறு

மலாய்த் திரைப்படத் தொழில் வேரூன்றியது சிங்கப்பூரில். அதை வளர்த்த ஆட்களும் கதைகளும் கட்டணமும் பெரும்பாலும் நீரிணைக்கு வடக்கேயிருந்து வந்தவை. 1924-இல் ஜொகூர் பாலம் முழுமையாகத் திறக்கப்பட்டதும் ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூர் எட்டும் தொலைவுக்கு வந்துவிட்டது. மூவார், பத்து பகாட், குளுவாங் போன்ற ஊர்களின் இளைஞர்களுக்கு நடிப்பாசை பிறந்தால் போய்ச்சேர வேண்டிய இடம் தெற்கேதான் இருந்தது. அங்கே அவர்களில் பலருக்குக் கிடைத்தது நட்சத்திர வாழ்வன்று. மாதச் சம்பளத்துக்குக் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் துணைக் கலைஞர் வேலை.

தொழிலின் தொடக்கம்

மலாய் மொழியின் முதல் கதைப்படம் எனப்படும் 'லைலா மஜ்னுன்' 1934-இல் வெளிவந்தது. அதை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. எஸ். ராஜ்ஹன்ஸ். திரையரங்குகளை நடத்திவந்த ஷா சகோதரர்கள் 1930-களின் இறுதியில் மலாய்ப் படத் தயாரிப்பில் இறங்கினர். ஜப்பானியர் ஆட்சியில் அந்த முயற்சி நின்றது. போருக்குப் பின் 1947-இல் 'சிங்கப்பூரா டி வக்து மாலாம்' படத்துடன் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில் இயங்கிய அவர்களின் மலே பிலிம் புரொடக்‌ஷன்ஸ் அடுத்த இருபது ஆண்டுகளில் 150-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1953-இல் ஹோ ஆ லோக்கும் லோக் வான் தோவும் சேர்ந்து கேத்தே-கெரிஸ் ஸ்டுடியோவைத் தொடங்கினர். அது ஈஸ்ட் கோஸ்ட் சாலைப் பக்கம் அமைந்தது.

இரண்டு நிறுவனங்களுக்கும் உண்மையான வருமானம் திரையரங்குகளிலிருந்து வந்தது. கையிலுள்ள கொட்டகைகளுக்கு ஓயாமல் படம் போட வேண்டும், அதற்காகவே ஸ்டுடியோ. ஒரு படத்தைச் சில வாரங்களில் முடித்து அடுத்ததற்குச் செட் போடுவது வழக்கம். செலவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டும் இந்தக் கணக்கில் முதலில் நெருக்கப்பட்டவர்கள் கீழ்ப்படியில் இருந்த கலைஞர்கள்.

இந்திய இயக்குநர்களும் உதவியாளர்களும்

ஜாலான் அம்பாஸின் முதற்கட்ட இயக்குநர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். ராஜ்ஹன்ஸைத் தொடர்ந்து பி. என். ராவ், எஸ். ராமநாதன், எல். கிருஷ்ணன், கே. எம். பாஸ்கர், பனி மஜும்தார் ஆகியோர் இங்கும் கேத்தே-கெரிஸிலும் பணியாற்றினர். மதராஸ், பம்பாய், கல்கத்தா ஸ்டுடியோக்களின் நடைமுறை அவர்களோடு வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸை அறிந்த தமிழ் வாசகருக்கு அந்த அமைப்பு புதிதல்ல: நடிகர் முதல் தச்சர் வரை எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள், ஒரே வளாகத்தில் செட், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, முதலாளி சொல்லே சட்டம்.

பல இயக்குநர்களுக்கு மலாய் மொழி சரளமில்லை. தமிழ், இந்திப் படங்களின் கதைப்போக்கைத் தழுவிக் கதை அமைப்பர். அதை உள்ளூர் உதவியாளர்கள் மலாய் வசனமாக மாற்றுவர். இதற்கு எல். கிருஷ்ணன் விதிவிலக்கு. பினாங்கில் வளர்ந்த தமிழரான அவருக்கு மலாய் வீட்டுமொழி போல வந்தது. 1950-இல் அவர் இயக்கிய 'பக்தி' பி. ரம்லிக்கு முதல் கதாநாயக வேடத்தைத் தந்தது.

மொழிபெயர்த்துத் தரும் உதவியாளர் வேலை ஜொகூர்க்காரர் ஒருவருக்கு ஏணியானது. மூவார்ப் பகுதியில் 1926-இல் பிறந்த ஜமில் சுலோங் ஜாலான் அம்பாஸில் உதவியாளராகச் சேர்ந்தார். இந்திய இயக்குநர்களிடம் தொழில் கற்றார், பாடல்களும் எழுதினார். 1957-இல் 'அபு நுவாஸ்' படத்தின் மூலம் இயக்குநரானார். அவருடைய 'பத்து பெலா பத்து பெர்தாங்குப்' 1959-இல் வெளிவந்தது. ஸ்டுடியோ வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய 'காச்சா பெர்மாத்தா' என்ற நினைவு நூல் அக்காலத்தை அறிய உதவும் ஆவணங்களுள் ஒன்று.

ஜொகூர் வேறு வகையிலும் திரைக்கு வந்தது. 1699-இல் கோத்தா திங்கியில் பல்லக்கில் செல்லும்போது கொல்லப்பட்ட சுல்தான் மஹ்மூதின் கதையை கேத்தே-கெரிஸ் 1961-இல் படமாக்கியது. ஜொகூர் ஊரான மெர்சிங்கின் பெயரைத் தாங்கிய 'ஸ்ரீ மெர்சிங்' படமும் அதே நிறுவனத்திலிருந்து அதே ஆண்டு வந்தது.

துணைக் கலைஞரின் வேலை

நடிகர்கள் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தனர்: பங்சாவான் நாடகக் குழுக்கள், கேளிக்கைப் பூங்காக்களின் ரோங்கெங் நடன மேடைகள். இவர்களோடு பாட்டுப் போட்டிகளில் கண்டெடுக்கப்பட்டவர்களும் சேர்ந்தனர். 1948-இல் புக்கிட் மெர்தாஜாமில் பாடிய பினாங்கு இளைஞர் ஒருவரை ராஜ்ஹன்ஸ் அப்படித்தான் சிங்கப்பூருக்கு அழைத்தார். பின்னாளில் மலாய்த் திரையின் முதன்மைக் கலைஞரான பி. ரம்லி அவர். அவ்வாண்டு 'சிந்தா' படத்தில் அவருக்குக் கிடைத்தது சிறு வேடமும் பின்னணிப் பாடலும்தான்.

புதிதாக வந்தவருக்குத் தனி வேலைப் பிரிவு எதுவும் கிடையாது. இன்று கூட்டத்தில் வீரன், நாளை பின்னணிக் குரல், மறுநாள் செட்டில் கைவேலை. எது சொன்னாலும் செய்ய வேண்டும். இதனால் கிடைத்த லாபமும் உண்டு. நடிப்பு, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றை அருகிலிருந்து பார்த்தே ஒருவர் முழுத் தொழிலையும் கற்றுக்கொள்ள முடிந்தது. அசிஸ் சத்தார், எஸ். சம்சுதீன் போன்றோர் சிறு வேலைகளிலிருந்து மேலேறி நகைச்சுவை நட்சத்திரங்களானது இப்படித்தான்.

நிர்வாகம் திட்டமிட்டுத் தந்த பயிற்சி அல்ல இது. ஆள் செலவைக் குறைத்ததில் தானாக விளைந்தது. எத்தனை ஆண்டுகளில் சம்பளம் உயரும், யார் அடுத்த படிக்குப் போவார் என்பதற்கு எழுதிய விதி இருக்கவில்லை. ஒப்பந்தம் கலைஞரை ஒரே நிறுவனத்தோடு கட்டிப்போட்டது. படம் பெருவெற்றி அடைந்தாலும் அதில் நடித்த துணைக் கலைஞருக்குப் பங்கு கிடையாது. ஸ்டுடியோவின் அருகிலேயே நிறுவனம் குடியிருப்பு தந்ததால் வேலை போனால் வீடும் போகும் என்ற நிலை.

இந்த வாழ்க்கையை ஜாலான் அம்பாஸ் தானே படமாக எடுத்தது. 1961-இல் ரம்லி இயக்கிய 'செனிமான் பூஜாங் லாப்போக்' படத்தில் வேலை தேடும் மூன்று நண்பர்கள் ஸ்டுடியோ வாசலுக்கு வந்து, காவலரைத் தாண்டி, தேர்வில் தேறி நடிகராகின்றனர். நெருக்கடியான வாடகை வீட்டின் இரைச்சலில் அவர்களால் வசனத்தை மனப்பாடம் செய்ய முடிவதில்லை. படப்பிடிப்பு கெடுகிறது, இயக்குநர் கத்துகிறார். அனைத்தும் சிரிப்பாகச் சொல்லப்பட்டாலும் கலைஞரின் இருப்பிடமே அவருடைய தொழிலைக் கெடுக்கிறது என்ற உண்மை அதில் தெளிவாக இருக்கிறது.

சங்கமும் 1957 வேலைநிறுத்தமும்

1950-களில் சிங்கப்பூரெங்கும் தொழிற்சங்கங்கள் வலுத்தன. அந்த அலையில் 1954-இல் மலாயாக் கலைஞர் சங்கமான 'பெர்சாமா' உருவானது. ரம்லி அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். நட்சத்திரங்களுக்குச் சம்பளம் ஓரளவு கட்டுப்படியானது. துணைக் கலைஞர்களுக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் அது போதவில்லை. ஊதிய உயர்வு கேட்ட சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இழுபறி நீண்டது. முசல்மா, ஒமார் ரோஜிக், எஸ். கதாரிஸ்மான் உள்ளிட்ட ஐந்து கலைஞர்களை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியபோது பூசல் வெடித்தது. 1957 மார்ச்சில், மலாயா விடுதலைக்கு ஐந்து மாதங்களுக்கு முன், ஜாலான் அம்பாஸில் வேலைநிறுத்தம் தொடங்கியது. பேச்சுவார்த்தைக்குப் பின் ஏப்ரலில் அது முடிவுக்கு வந்தது.

பெயர் பெற்ற நடிகர்கள் பெயரற்றவர்களுக்காக வெளியே வந்து நின்றது இப்போராட்டத்தின் சிறப்பு. தமிழ்நாட்டிலும் இதையொத்த நகர்வு அதே காலத்தில் நடந்தது: தென்னிந்திய நடிகர் சங்கம் 1952-இல் தோன்றியது. இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன், ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் போன்றோர் சென்னைத் திரைத் தொழிலாளரைச் சங்கமாக்க உழைத்தனர்.

போராட்டம் நடந்த காலத்தில் படைப்பிலும் மாற்றம் வந்தது. மலாய் எழுத்தாளர்களும் இதழ்களும் படங்களின் இந்தியச் சாயலைக் குறை கூறி, மலாய் இயக்குநர்களைக் கேட்டுவந்தனர். ரம்லி 1955-இல் 'பெனாரேக் பெச்சா' மூலம் இயக்குநரானார். அடுத்து வந்த சில ஆண்டுகளில் உதவியாளராக இருந்தவர்கள் பலர் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தனர்.

வீழ்ச்சி

இந்த வளர்ச்சி நீடிக்கவில்லை. 1963-இல் சிங்கப்பூரில் பிப்ரவரியிலும் மலேசியாவில் டிசம்பரிலும் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டு தொடங்கிய இந்தோனேசியாவுடனான மோதல் மலாய்ப் படங்களின் பெரிய வெளிச்சந்தையை அடைத்தது. 1964-இல் லோக் வான் தோ தைவானில் விமான விபத்தில் மாண்டார். 1965-இல் சிங்கப்பூர் தனிநாடானது. ஒரே சந்தையாக இருந்த இரு கரைகளுக்கு நடுவே எல்லை விழுந்தது. ஸ்டுடியோக்களில் தொழிலாளர் பிணக்குகளும் மீண்டும் தலைதூக்கின. வண்ணப்படத்துக்கும் புதிய கருவிகளுக்கும் முதல் போடுவதைவிடத் தயாரிப்பைச் சுருக்குவதே முதலாளிகளுக்கு எளிதாக இருந்தது.

மலே பிலிம் புரொடக்‌ஷன்ஸ் 1967-இல் மூடப்பட்டது. கேத்தே-கெரிஸ் 1970-களின் தொடக்கத்தில் மலாய்ப் படத் தயாரிப்பை நிறுத்தியது. ரம்லி 1964-இலேயே கோலாலம்பூர் உலு கிளாங்கிலுள்ள மெர்டேக்கா ஸ்டுடியோவுக்கு இடம்பெயர்ந்திருந்தார். அங்கே கருவிகளும் பணமும் குறைவு. பழைய தேர்ந்த பணியாளர் குழுவும் இல்லை. அவருடைய பிற்காலப் படங்களின் தரச்சரிவுக்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. அவர் 1973 மே 29-இல், 44 வயதில் காலமானார். துணைக் கலைஞர்களில் பலர் தொழிலையே விட்டனர்.

இஸ்கந்தர் காலம்

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஸ்டுடியோ ஜொகூர் மண்ணுக்கே வந்தது. 2006-இல் தொடங்கிய இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சித் திட்டத்தின் பகுதியாக, அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா, பிரிட்டனின் பைன்வுட் நிறுவனத்துடன் இணைந்து ஒரு படப்பிடிப்பு வளாகத்தைக் கட்டியது. 2013-இல் அது செயல்படத் தொடங்கியது. படப்பிடிப்புத் தளங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 1,00,000 சதுர அடி. மலேசியாவில் செய்யும் தயாரிப்புச் செலவில் 30 விழுக்காட்டை அரசு திருப்பித் தரும் ஊக்கத்திட்டம் வெளிநாட்டுத் தயாரிப்பாளர்களை ஈர்த்தது. நெட்பிளிக்ஸின் 'மார்க்கோ போலோ' தொடர் அங்கே உருவானது. தச்சு, உடை, ஒப்பனை, கூட்ட நடிப்பு என உள்ளூர் ஆட்களுக்கு வேலை கிடைத்தது. 2016-இல் இரண்டாம் பருவத்தோடு அத்தொடர் கைவிடப்பட்டது. 2019-இல் பைன்வுட் விலகியதும் வளாகம் இஸ்கந்தர் மலேசியா ஸ்டுடியோஸ் ஆனது.

இன்று துணைக் கலைஞர் என்ற சொல்லில் கூட்ட நடிகரோடு கணினி முன் அமர்ந்து வரையும் இளம் ஓவியரும் அடங்குவார். பழைய மாதச் சம்பள முறை மறைந்து, ஒரு படத்துக்கோ தொடருக்கோ மட்டுமான ஒப்பந்தம் வழக்கமாகிவிட்டது. வேலை வெளிநாட்டு ஆணையை நம்பியிருப்பதால் தொலைவிலுள்ள ஒரு முடிவு உள்ளூர் ஸ்டுடியோவை அசைத்துவிடும். கோலாலம்பூர், மும்பை, ஹைதராபாத் ஆகிய நகரங்களில் கிளை வைத்திருந்த காட்சி விளைவு நிறுவனமான ரிதம் அண்ட் ஹியூஸ் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அது உழைத்த 'லைப் ஆப் பை' காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் பெற்றது. 2023-இல் லூகாஸ்பிலிம் தன் சிங்கப்பூர்க் கிளையை மூடுவதாக அறிவித்தபோது 300-க்கும் மேற்பட்டோரின் வேலை கேள்விக்குறியானது.

ஜாலான் அம்பாஸ் முதல் இஸ்கந்தர் வரை கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் பணம் ஒதுக்கப்பட்ட அளவுக்குக் கீழ்ப்படிக் கலைஞரின் பயிற்சிக்கோ ஊதிய உறுதிக்கோ ஒதுக்கப்படவில்லை. ஜமில் சுலோங்கும் ரம்லியும் மேலே வந்தது தங்கள் திறமையாலும் உடனிருந்தோர் கற்றுக்கொடுத்ததாலும். அதை ஸ்டுடியோ நிர்வாகத்தின் சாதனையாகக் கணக்கிட முடியாது. தொழில் சரிந்த இரு காலங்களிலும் அனுபவமுள்ள பணியாளர் குழு கலைந்ததே மிகப் பெரிய இழப்பாக இருந்தது. அடுத்து வரும் ஸ்டுடியோ நிலைக்குமா என்பதை அந்தக் குழுவை அது தக்கவைத்துக்கொள்ளும் விதமே தீர்மானிக்கும்.