பயிற்சி ஒன்று, நோக்கம் பல: தாய் சி முதல் மதனப்பள்ளி வரை

தாய் சி பயில்வோரிடம் காரணம் கேட்டால், மூட்டுவலி, தூக்கமின்மை, முதுமையில் தடுமாறி விழும் அச்சம், மன அமைதி என்றே பெரும்பாலும் விடை வரும். இந்த நோக்கங்கள் அக்கலையைப் போலவே பழமையானவை என்று கருதிவிடுவது எளிது. வரலாறு அதற்கு இடந்தருவதில்லை.

ஹெனான் மாநிலத்துச் சென் குடும்பத்தாரிடம் இக்கலையைக் கற்ற யாங் லூசான் (1799–1872), பெய்ஜிங்கில் போர்க்கலை ஆசானாகவே புகழ்பெற்றார். அவருடைய பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) காலத்தில் அசைவுகள் மெதுவாகி, முதியோரும் நோயுற்றோரும் பயிலத்தக்கவை ஆயின. 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் 24 நிலைகள் கொண்ட சுருக்க வடிவத்தை வெளியிட்டது. நோக்கம் மாறியபோது அசைவும் உடன் மாறியது.

தென்னிந்திய யோகப் பயிற்சியிலும் இம்மாற்றத்தைக் காணலாம். திருமலை கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) 1930களில் மைசூர் அரண்மனை ஆதரவில் சிறுவர்களுக்கு வேகமும் வலிமையும் மிக்க பயிற்சியளித்தார். 1950களில் சென்னைக்கு வந்தபின், நோயாளியின் உடல்நிலைக்கேற்ப அமைந்த தனிப்பயிற்சியே அவருடைய முதன்மைப் பணியாயிற்று. ஆசிரியர் ஒருவரே, நாடி வந்தவர்களின் தேவை வேறு.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவர் 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தார். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் நெடுங்காலம் அடங்கியிருந்த ஊர் அது. இளமையில் மலேரியாவால் நலிந்தவர்; தம்பி நித்யானந்தாவை 1925இல் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். 1929இல் தமக்கென அமைக்கப்பட்ட 'விண்மீன் சங்க'த்தைக் கலைத்து, உண்மையை அடையக் குருவும் இல்லை, வழிமுறையும் இல்லை என்று அறிவித்தார். ஆயினும் ஆசனங்களை அவர் கைவிடவில்லை. முதலில் பி. கே. எஸ். ஐயங்காரிடமும், 1960களின் நடுப்பகுதியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியாரின் மகன் தேசிகாச்சாரிடமும் கற்றார். ஆசனம் உடலை நலமாக வைத்திருக்கும். அகவிழிப்பைத் தராது என்பதே அவர் நிலைப்பாடு.

இங்கே ஒரு முரண் தென்படுகிறது. கிருஷ்ணமாச்சாரியார் ஆழ்ந்த வைணவர். அவருக்கு யோகம் இறைவழிபாட்டினின்று பிரிக்கவியலாதது. அம்மரபின் வழியே கற்ற மாணவரோ மரபு என்பதையே மறுத்தவர். நோக்கத்தில் உடன்பாடு இல்லாமலே பயிற்சி கைமாறியது. ஒரு கலை பரவுவதற்கு அதன் தத்துவத்தை அனைவரும் ஏற்க வேண்டியதில்லை என்பதை இது காட்டுகிறது.

எனவே, 'ஏன் பயில்கிறீர்கள்?' என்ற ஒற்றைக் கேள்வியோடு ஆய்வு நின்றுவிடலாகாது. ஆசான் எதற்காகக் கற்பித்தார், புரவலர் எதற்காக ஆதரித்தார், மாணவர் எதற்காக வந்தார் என்ற மூன்றையும் தனித்தனியே கேட்டாக வேண்டும். மூன்று விடைகளும் ஒன்றாக இருப்பது அரிது. அவற்றுக்கிடையிலான இடைவெளியில்தான் இக்கலைகள் உருமாறியும் அழியாமலும் வாழ்ந்து வந்துள்ளன.