பதினாறு வயதின் தேர்வும் பள்ளியின் நலனும்: இங்கிலாந்தின் ‘பேக்கர் பிரிவு’ குறித்து

இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியும், தன் மாணவர்கள் வெளியிலுள்ள தொழிற்கல்வி நிறுவனங்களையும் தொழிற்பழகுநர் பயிற்சி தருவோரையும் சந்திக்க ஆறு வாய்ப்புகளை ஏற்படுத்தித் தர வேண்டும். இது 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள சட்டம். எட்டு, ஒன்பதாம் ஆண்டுகளில் இரண்டு சந்திப்புகள். பத்து, பதினொன்றில் இரண்டு. பன்னிரண்டு, பதின்மூன்றில் இரண்டு. முதல் நான்கில் மாணவர் கலந்துகொண்டே ஆக வேண்டும்; கடைசி இரண்டும் அவரவர் விருப்பம். ஒரு பள்ளிக்குள் வேறொரு கல்லூரியின் ஆசிரியர் வந்து பத்து நிமிடம் பேசுவதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டிய நிலை ஏன் வந்தது? இக்கேள்விக்கு விடை தேடும்போதுதான் அச்சட்டத்தின் எல்லையும் தெரிகிறது. சட்டம் நியாயமானது, அவசியமானது. ஆனால் மாணவரைத் தக்கவைப்பதில் பள்ளிக்கு ஒரு நலன் உண்டு. மாணவரைச் சேர்ப்பதில் கல்லூரிக்கு ஒரு நலன் உண்டு. இரண்டு நலன்களையும் ஒரே அறையில் சந்திக்க வைத்துவிட்டால் நலன் சாராத ஆலோசனை கிடைத்துவிடும் என்று சட்டம் நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அங்குள்ள அமைப்பு நமக்குப் புதிதல்ல. பதினாறு வயதில் ஜி.சி.எஸ்.இ. தேர்வு முடிகிறது. அதன்பின் தன் பள்ளியிலேயே ‘சிக்ஸ்த் ஃபார்ம்’ எனப்படும் மேல்வகுப்பில் சேர்ந்து ஏ லெவல் படிக்கலாம். வெளிக் கல்லூரியில் தொழில்சார் படிப்போ, 2020 செப்டம்பரில் தொடங்கிய ‘டி லெவல்’ என்ற தொழில்நுட்பப் படிப்போ எடுக்கலாம். ஒரு நிறுவனத்தில் சம்பளத்துடன் தொழிற்பழகுநராகலாம். பத்தாம் வகுப்பு முடித்ததும் பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்று இங்கே நிற்கும் அதே முச்சந்தி. 2015 முதல் பதினெட்டு வயதுவரை ஏதாவதொரு கல்வியிலோ பயிற்சியிலோ இருப்பது அங்கு கடமை. ஆகவே படிப்பைத் தொடர்வதா என்பதல்ல, எங்கே தொடர்வது என்பதே ஒவ்வொரு மாணவரின் முன்னும் நிற்கும் கேள்வி.

அந்தக் கேள்வியில் பணம் இருக்கிறது. பதினாறு வயதுக்கு மேற்பட்ட முழுநேர மாணவருக்கான அடிப்படை நிதி, 2013 தொடங்கிப் பல ஆண்டுகள், தலைக்கு ஆண்டுக்கு 4,000 பவுண்டு என்ற அளவிலேயே நின்றது. 2020-21இல் 4,188 ஆனது. பதினொன்றாம் ஆண்டு முடித்த பத்து மாணவர்கள் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விட்டால், இரண்டாண்டுக் கணக்கில் 80,000 பவுண்டுக்கு மேல் பள்ளியை விட்டுப் போகிறது. ஓராண்டின் மாணவர் எண்ணிக்கையை வைத்தே அடுத்த ஆண்டின் நிதி கணக்கிடப்படுவதால் அடி தாமதமாக விழும், ஆனால் விழும். சிறிய மேல்வகுப்பு நடத்தும் பள்ளியில் இத்தொகை ஓர் ஆசிரியர் பணியிடத்தையோ, பிரெஞ்சு போன்ற ஒரு பாடத்தையோ காவு வாங்கிவிடும். இப்படிப்பட்ட கணக்கைக் கையில் வைத்திருக்கும் தலைமையாசிரியரிடம் ‘போட்டியாளரை உள்ளே விடுங்கள்’ என்றால் அவர் தயங்குவது இயல்பு. அதைத் தனிமனிதரின் குறையாகப் பார்ப்பது நியாயமில்லை. தாம் ஏ லெவல் வழியே பல்கலைக்கழகம் போய் வந்த ஆசிரியர்கள், தமக்குத் தெரிந்த பாதையையே நல்ல பாதையென மனதாரச் சொல்கிறார்கள் என்பதும் உண்மை.

இச்சட்டத்தின் வேரான ‘பேக்கர் பிரிவு’க்குப் பெயர் தந்த கென்னத் பேக்கர் 1986 முதல் 1989 வரை கல்வியமைச்சராக இருந்தவர். 1988ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். மாணவர் எண்ணிக்கையோடு நிதியைப் பிணைத்து, பள்ளிகளைத் தம்முள் போட்டியிட வைத்ததில் அச்சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் ரான் டியரிங்குடன் சேர்ந்து, பதினான்கு வயதில் மாணவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகத் தொழில்நுட்பக் கல்லூரிகளை நிறுவும் முயற்சியில் அவர் இறங்கினார். மாணவர் பள்ளியை நடுவழியில் விட்டு வந்தால்தான் அக்கல்லூரிகளுக்கு உயிர். பள்ளிகள் கதவைத் திறக்கவில்லை. 1988இல் தாம் வளர்த்த போட்டியே தம் புதிய கல்லூரிகளுக்கு எதிராக நின்றதால்தான், 2017இல் பிரபுக்கள் அவையில் அவர் இந்தத் திருத்தத்தை முன்வைத்தார் என்று நான் வாசிக்கிறேன். அது 2017ஆம் ஆண்டின் தொழில்நுட்ப, மேற்கல்விச் சட்டத்தின் வழியே 1997 கல்விச் சட்டத்தில் 42பி என்ற பிரிவாகச் சேர்ந்து, 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பிரிவு கேட்டது இரண்டு: வெளி நிறுவனங்களுக்கு மாணவரை அணுக வாய்ப்புத் தருவது, அதை எப்படித் தருகிறோம் என்பதை விளக்கும் கொள்கை அறிக்கையை வெளியிடுவது. இந்த அறிக்கைகளில் ஒன்றை எடுத்து வரிவரியாகப் படிப்பது பயனுள்ளது. பெரும்பாலும் இரண்டு பக்கம். முதலில் சட்டத்தின் பிரிவு எண். பின்பு, அனுமதி கேட்டு எழுத வேண்டிய ஆசிரியரின் பதவியும் மின்னஞ்சலும். அதன்பின் ஓர் அட்டவணை: இடப்பக்கம் ஆண்டுகள், மேலே இலையுதிர், வசந்த, கோடைப் பருவங்கள்; கட்டங்களுக்குள் காலைக் கூட்டம், பெற்றோர் மாலைச் சந்திப்பு, தொழில் கண்காட்சி. அடுத்து, கூடமோ வகுப்பறையோ, ஒளிவீழ்த்தியோ ஏற்பாடு செய்து தரப்படும் என்ற வாக்கு. கடைசியில், கையேடுகளை நூலகத்தில் வைக்கலாம் என்ற அனுமதி. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் அறை, நேரம், மேசை, கையேடு என எல்லாம் வருகிறவரைப் பற்றியவை. அந்தக் கூட்டம் முடிந்து குழம்பி நிற்கும் பதினைந்து வயதுப் பெண் யாரிடம் போய், ‘எனக்கு எது பொருந்தும்?’ என்று கேட்பாள் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு வரியை 42பி கேட்கவுமில்லை.

முதல் ஆண்டுகளில் இந்த அறிக்கையைக்கூடப் பல பள்ளிகள் வெளியிடவில்லை. மீறியவர்மீது நடவடிக்கையும் அரிது. அதனால் 2021-22இல் திறன்கள் மற்றும் பதினாறுக்குப் பிந்தைய கல்விச் சட்டம் முன்வரைவாக விவாதத்துக்கு வந்தபோது எண்ணிக்கைப் பேரம் நடந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சந்திப்பு போதும் என்றது அரசு, மூன்று வேண்டும் என்றார் அப்போது கல்விக் குழுவின் தலைவராயிருந்த ராபர்ட் ஹால்ஃபன், இரண்டில் முடிந்தது. வெறும் எண்ணிக்கையோடு நிற்காமல் சந்திப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் 2022 சட்டம் வரையறுத்தது. வருபவர் தம் நிறுவனத்தையும் அது தரும் படிப்புகளையும் சொல்ல வேண்டும். அவை எந்த வேலைக்கு இட்டுச் செல்லும் என்று விளக்க வேண்டும். அங்கே படிப்பது எப்படியிருக்கும் என உணர்த்த வேண்டும். மாணவரின் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும். இதில் உண்மையான ஆதாயம் உண்டு. டி லெவல் என்பது மூன்று ஏ லெவலுக்கு நிகரான ஒரே படிப்பு, அதில் குறைந்தது 315 மணி நேரம் ஒரு பணியிடத்தில் கழிக்க வேண்டும் என்பதைத் தன் வேதியியல் ஆசிரியரிடமிருந்து ஒரு மாணவர் தெரிந்துகொள்ள வாய்ப்பு குறைவு. அதை நடத்துபவர் வந்து சொன்னால் தெரியும்.

ஆனால் வருபவரும் ஆள் சேர்க்கவே வருகிறார். கல்லூரியின் நிதியும் தலைக்கு இத்தனை என்றுதான் வருகிறது. பெரிய கல்லூரியிடம் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நாலைந்து ஊழியரோடு இயங்கும் சிறு பயிற்சி நிறுவனத்தால் பள்ளி பள்ளியாக அலைய முடியாது. தொழிற்பழகுநர் பயிற்சியின் சிக்கல் இன்னும் ஆழமானது. அது முதலில் ஒரு வேலை. வேலையைத் தருபவர் முதலாளி. பயிற்சி நிறுவனம் கற்பித்தலை மட்டும் கவனிக்கிறது. மேடையேறிப் பேசுபவரிடம் தருவதற்கு இடம் இருப்பதில்லை, விளக்கம் மட்டுமே இருக்கிறது. ஆர்வம் பிறந்த மாணவருக்குப் பக்கத்து ஊரில் காலியிடம் இல்லையென்றால் அந்தச் சந்திப்பு அவரை எங்கும் கொண்டு சேர்க்காது.

பள்ளியும் கல்லூரியும் அல்லாத மூன்றாவது ஒருவர் முன்பு இருந்தார். 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு, பயிற்சிச் சட்டம், பள்ளி முடிப்போருக்குத் தொழில்வழிகாட்டல் தரும் பொறுப்பை உள்ளூர்க் கல்வி நிர்வாகங்களிடம் வைத்தது. 1990களில் அது ஒப்பந்த நிறுவனங்களின் கைக்குப் போனது. 2001 முதல் ‘கனெக்ஷன்ஸ்’ என்ற பெயரில் இளைஞர் சேவையாக இயங்கியது. 2011 கல்விச் சட்டம் இந்தப் பொறுப்பைப் பள்ளிகளிடம் ஒப்படைத்தது. 2012 செப்டம்பரிலிருந்து அது நடைமுறை. பொறுப்பு வந்தது, அதற்கான பணம் வரவில்லை. அந்த முடிவு வருந்தத்தக்கது என்று 2013 ஜனவரியில் நாடாளுமன்றக் கல்விக் குழுவே சொல்லிற்று. ஆலோசகர் பள்ளியின் ஊழியராக இருக்கக் கூடாது என்று சட்டம் நிபந்தனை விதித்தது சரிதான். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பதும், எத்தனை நாள் வேண்டும் என்று தீர்மானிப்பதும், காசோலை எழுதுவதும் பள்ளி. அப்படி அமர்த்தப்பட்ட ஆலோசகர் ‘இந்தப் பள்ளியை விட்டுப் போ’ என்று சொல்ல மாட்டார் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் ஒவ்வொரு முறையும் தன்னை அழைத்தவரின் நிதிக்கு எதிராகப் பேச வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தியிருக்கிறோம் என்கிறேன். 2014இல் ஜான் ஹோல்மன் பள்ளித் தொழில்வழிகாட்டலுக்காக வகுத்த எட்டு கேட்ஸ்பி அளவுகோல்களில் ஏழாவது கல்வி நிறுவனச் சந்திப்புகளைப் பேசுகிறது. எட்டாவது தனிப்பட்ட நேர்காணலைப் பேசுகிறது, பதினாறு வயதுக்குள் ஒன்று, பதினெட்டுக்குள் மற்றொன்று. தேதியும் எண்ணிக்கையும் குறித்து, உள்ளடக்கம் வரையறுத்து நாடாளுமன்றம் அவ்வளவு வலுப்படுத்தியது ஏழாவதன் பக்கத்தை மட்டுமே.

ஆலோசகரைப் பள்ளியின் நிதியிலிருந்து விலக்கி வைப்பது நடக்காத காரியமல்ல. கல்வி தனி அதிகாரமாக உள்ள ஸ்காட்லாந்தில், அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குள் அமர்ந்து வேலை செய்யும் ஆலோசகர்கள் தேசியத் திறன் மேம்பாட்டு அமைப்பின் ஊழியர்கள். பள்ளியின் வரவுசெலவு அவர்களைத் தொடுவதில்லை. அந்த முறையிலும் குறைகள் இருக்கலாம். ஒரே ஆலோசகர் பல நூறு மாணவரைக் கவனிக்க நேரும்போது நேர்காணல் சுருங்கத்தான் செய்யும். ஆனாலும் அது ஆள் பற்றாக்குறை. இங்கிலாந்தின் குறை அமைப்பிலேயே இருக்கிறது.

இங்கிலாந்திலும் இதைச் செய்தால் செலவாகும் என்று மறுப்பு வரும். ஆகும். தவறான படிப்பில் சேர்ந்து ஓராண்டு கழித்து விலகும் மாணவருக்கு அரசு ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டது. புதிதாக வேறொன்றில் சேரும்போது மறுபடியும் கொடுக்கிறது. அந்த மாணவர் இழந்த ஓராண்டை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

செலவே இல்லாத ஒரு திருத்தமும் உண்டு. பத்து, பதினொன்றாம் ஆண்டுகளுக்கான இரண்டு சந்திப்புகளையும் பதினொன்றாம் ஆண்டின் பிப்ரவரி 28க்குள் முடித்தால் போதும் என்கிறது சட்டம். சிக்ஸ்த் ஃபார்ம் விண்ணப்பங்களோ இலையுதிர் பருவத்திலேயே தொடங்கி, பல இடங்களில் ஜனவரியோடு முடிந்துவிடுகின்றன. பிப்ரவரி கடைசி வாரத்தில் கல்லூரிக்காரரை அழைக்கும் பள்ளி சட்டத்தை முழுமையாகக் கடைப்பிடித்ததாகிறது. மாணவரோ அதற்குள் தன் பள்ளிக்கே விண்ணப்பம் கொடுத்திருப்பார்.

42பி பிரிவை அடுத்த முறை திருத்த வருவோர் ஏழாவது சந்திப்பையோ எட்டாவது சந்திப்பையோ கேட்க வேண்டாம். அந்தத் தேதியை அக்டோபர் இறுதிக்குக் கொண்டுவாருங்கள். ஆலோசகரின் ஊதியத்தைப் பள்ளியின் கணக்கிலிருந்து எடுத்துப் பொது நிதியில் வையுங்கள்.