கணினிவழி வடிவமைப்பில் பெல்ட்–கப்பி இயக்க உருவகப்படுத்தல்

பெல்ட்–கப்பி இயக்க உருவகப்படுத்தல் என்பது, கப்பிகளின் மீது ஓடும் பெல்ட்டின் இயக்கத்தையும் அதில் தோன்றும் விசைகளையும் கணினி மாதிரியில் கணிக்கும் முறையாகும். பற்சக்கரம், நெம்புகோல் போன்றவை விறைப்பானவை. பெல்ட் வளையும், நீளும், வழுக்கும். இதனால் வடிவமைப்பு மென்பொருள்களுக்கு இது நெடுங்காலம் கடினமான சிக்கலாகவே இருந்தது.

கணினிக்கு முந்தைய அடிப்படைகள்

இதற்கான கணிதம் கணினியை விட மிகப் பழையது. உருளையைச் சுற்றிய கயிற்றின் உராய்வை 18-ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் ஆராய்ந்தார். ஜெர்மானியப் பொறியாளர் ஐட்டல்வைன் பெயரையும் தாங்கிய அச்சமன்பாட்டின்படி, வழுக்கல் தொடங்கும் நிலையில் பெல்ட்டின் இறுகிய பக்க இழுவிசைக்கும் தளர்ந்த பக்க இழுவிசைக்கும் உள்ள விகிதம், சுற்றுக்கோணம் கூடக்கூட அடுக்குக்குறி முறையில் பெருகும்.

1874-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மற்றொன்றை விளக்கினார். இறுகிய பக்கத்தில் பெல்ட் கூடுதலாக நீண்டிருக்கும்; எனவே முழுதாக வழுக்காதபோதும் அது கப்பியின் மீது மெல்ல ஊர்ந்தே செல்லும். அதனால் இயக்கப்படும் கப்பி, கணக்கிட்ட வேகத்தைவிடச் சற்றுக் குறைவாகவே சுழலும்.

வரைபடத்திலிருந்து இயக்கத்துக்கு

1963-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து முனைவர் பட்ட ஆய்வாக உருவாக்கிய 'ஸ்கெட்ச்பேட்', கோடுகளுக்கிடையே வடிவியல் கட்டுப்பாடுகளை விதிக்க இடமளித்தது. ஒரு பகுதியை நகர்த்தினால், கட்டுப்பாடு குலையாதபடி மற்றவையும் நகர்ந்தன. 1977-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெக்கானிக்கல் டைனமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் 'ஆடம்ஸ்' மென்பொருள், பொறியமைப்புகளின் இயக்கச் சமன்பாடுகளைக் கணினியே அமைத்துத் தீர்க்கச் செய்தது.

1995-இல் வெளிவந்த சாலிட்வொர்க்ஸ் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் பின்னர் பெல்ட்டுக்கெனத் தனி வசதி சேர்க்கப்பட்டது. இதில் பெல்ட் என்பது தொடுகோடுகளும் வில்களும் சேர்ந்த ஒரு மூடிய வளைகோடு மட்டுமே. அதன் நீளம் கணக்கிடப்படும். கப்பிகளின் சுழற்சி விட்டங்களின் விகிதத்தால் பிணைக்கப்படும். 100 மி.மீ. விட்டமுள்ள கப்பி நிமிடத்திற்கு 1500 சுற்றுகள் சுழன்றால், 250 மி.மீ. கப்பி சரியாக 600 சுற்றுகள் சுழலும். ஆனால் பெல்ட்டாக வரையப்பட்ட திண்ம உருவம் நகர்வதில்லை.

நெகிழும் பெல்ட்

உண்மையான நடத்தையை அறிய, இயக்கவியல் மென்பொருள்களில் பெல்ட் பல சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. அவை சுருள்வில், தணிப்பான் ஆகியவற்றால் இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் கப்பிக்கும் இடையிலான தொடுகையும் உராய்வும் கணிக்கப்படும். துண்டுகள் மிகுந்தால் துல்லியம் கூடும். கணிக்கும் நேரமும் கூடும். 1996-இல் அகமது ஷபானா முன்வைத்த தனிக்கணு ஆயமுறை, பெரிய அளவில் வளையும் பொருள்களைக் கையாள உதவியதால் பெல்ட் ஆய்வுகளிலும் பயன்படுகிறது.

திரையும் நடைமுறையும்

வடிவியல் மாதிரியில் உராய்வு என்பதே இல்லை. தட்டைப் பெல்ட் ஒன்றின் உராய்வுக் கெழு 0.3 எனக் கொள்வோம். சிறிய கப்பியை அது 180 பாகை சுற்றியிருந்தால், இழுவிசை விகிதம் ஏறத்தாழ 2.57 வரை தாங்கும். சுற்றுக்கோணம் 120 பாகையாகக் குறைந்தால் அது 1.87 மட்டுமே. சுமைக்கு 2.2 விகிதம் தேவைப்பட்டால் முதல் அமைப்பு இயங்கும், இரண்டாவது வழுக்கும். திரையில் இரண்டும் ஒரே சீராகச் சுழலும்.

ஆகவே இடவசதி, பெல்ட் நீளம், வேக விகிதம் ஆகியவற்றைச் சரிபார்க்க வடிவியல் மாதிரி போதும். வழுக்கல், அதிர்வு, தாங்கிகளின் மீதான சுமை ஆகியவற்றுக்கு விசைகளைக் கணிக்கும் மாதிரி தேவை. பல்லுள்ள பெல்ட்டில் பற்கள் கப்பியோடு பொருந்துவதால் சராசரி வேக விகிதம் மாறாது. எனினும் மிகைச் சுமையில் பற்கள் தாவக்கூடும் என்பதையும் வடிவியல் மாதிரி காட்டாது.