காவேரிப்பாக்கத்துத் தோட்டக்கால்

நம் பழைய மாணவர்களில் பலர் ஓய்வு பெற்று, ஊர்ப்பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, தென்னையும் மாவும் வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தால், "சார், சொட்டுநீர் போட்டுடலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. போடலாம். ஆனால் குழாயைப் பற்றிப் பேசுமுன் எங்கள் காவேரிப்பாக்கத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பாலாறு ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். வெள்ளம் வரும் சில நாள்களில் பிடித்து வைத்தால்தான் உண்டு. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் 9ஆம் நூற்றாண்டில் வெட்டியது எங்கள் ஏரி என்பார்கள். அவனுடைய பட்டப்பெயரால் ஊரே அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டுகளில் வருகிறது. 1850களில் வாலாஜாப்பேட்டை அருகே பாலாற்றில் அணைக்கட்டு எழும்பிய பிறகு, அதிலிருந்து வரும் கால்வாய் ஏரியை நிரப்பிற்று.

மதகுத் தண்ணீர் நஞ்சைக்கு. தோட்டக்காலுக்குக் கிணறுதான். ஏரி நிரம்பினால் கசிவில் கிணறும் ஊறும். ஏரி வறண்டால் அதுவும் இறங்கும். இந்த உறவு நம் முன்னோருக்குத் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். உத்திரமேரூரில் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலை முறையைப் படித்துப் பரீட்சை எழுதினோமே, அதில் ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். தோட்டத்துக்கென்று தனி வாரியம்! தேர்தலைப் பற்றியே பேசுகிறோம்; இதை யாரும் கவனிப்பதில்லை.

கிணற்றிலிருந்து நீர் ஏற்றியது கவலை. சாலின் அடியில் தோலால் ஆன வால். மாடுகள் சரிவில் இறங்கச் சால் மேலே வரும்; வால்கயிறு வாலைத் தொட்டிக்குள் இழுத்துவிட, நீர் தானே கொட்டிவிடும். கவிழ்க்க ஆள் வேண்டாம். ஆவாரம் பட்டையால் தோல் பதனிட்ட நம் வட்டாரத்துக்கு அந்த வால் ஒன்றும் அந்நியச் சரக்கல்ல. ஒவ்வொரு சாலுக்கும் மாட்டின் மூச்சு செலவானதால், வாய்க்காலில் ஓர் உடைப்பு என்றால் கிழவர்கள் மண்வெட்டியோடு ஓடுவார்கள்.

பிறகு மோட்டார் வந்தது. 1990இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. ஏழைக் குடியானவனுக்கு அது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடலாமே! உடைப்பைப் பார்க்க ஆளில்லை. கிணறு போய் போர் வந்தது.

ஆற்றின் மேல்பகுதியில் இன்னொரு கதை. ஆவாரம் பட்டை இருந்த இடத்தில் குரோமியம் வந்து, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷாப்புக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. வேலை கொடுத்த தொழில்தான். தண்ணீருக்கான விலையை மட்டும் பக்கத்துத் தோட்டக்காரன் கொடுத்தான்.

இனிச் சொட்டுநீருக்கு வருவோம். 100 தென்னை. மரத்துக்கு 4 சொட்டுவான். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர். ஆக மொத்தம் மணிக்கு 1,600 லிட்டர். கோடையில் மரத்துக்கு 80 லிட்டர் என்று வைத்தால் 5 மணி நேரம், 8,000 லிட்டர். கடைக்காரர் இந்தக் கணக்கை அழகாகப் போட்டுத் தருவார். மே மாதத்தில் உங்கள் கிணறு ஒரு நாளில் 8,000 லிட்டர் ஊறுமா என்று அவர் கேட்கமாட்டார். நீரில் உப்பு இருந்தால் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். ஈரம் முடியும் விளிம்பில் உப்புப் பூத்து நிற்கும். ஆகவே நீரைச் சோதித்த பிறகே குழாய்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, மே மாதம் ஒருமுறை, உங்கள் ஊர்க் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, அன்று ஏரியில் எவ்வளவு நீர் என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அந்த நோட்டு கையில் இருந்தால் "போடலாமா சார்?" என்று என்னைக் கேட்க வேண்டியதில்லை.