அயர்லாந்துக் குடியானவரின் குலவரலாறு: ஞானஸ்நானப் பதிவா, நிலப் பத்திரமா?

1922 ஜூன் 30ஆம் நாள் டப்ளினில் ‘ஃபோர் கோர்ட்ஸ்’ எனப்படும் நீதிமன்ற வளாகத்தில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்கள் அவை. வளாகத்தை ஒட்டியிருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து சாம்பலானது. 1821, 1831, 1841, 1851 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கேடுகளில் மிகப் பெரும்பகுதி அந்தத் தீயில் போயிற்று. உயில்கள் போயின. சட்டப்படி அங்கே ஒப்படைக்கப்பட்டிருந்த, புரொட்டஸ்டண்ட் பிரிவான அயர்லாந்துத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும் ஏராளமாகப் போயின. போர் மட்டுமே இந்த இழப்புக்குக் காரணமன்று. 1861, 1871 கணக்கேடுகளைப் புள்ளிவிவரம் எடுத்த கையோடு அரசே அழித்திருந்தது. 1881, 1891 கணக்கேடுகள் முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. முழுமையாக இன்று கிடைக்கும் மிகப் பழைய கணக்கேடு 1901ஆம் ஆண்டினுடையது.

உருளைக்கிழங்குப் பஞ்சமோ 1845இல் தொடங்கி 1852 வரை நீடித்தது. பத்து லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினர் கடல் கடந்தனர். அவர்கள் ஊரைவிட்டுப் போனதற்கும் எஞ்சியிருக்கும் முதல் முழுக் கணக்கேட்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டு வெறுமையாகக் கிடக்கிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ காடு திருத்திப் பயிரிட்ட அயர்லாந்துக்காரரின் வழித்தோன்றல் எவரும் தம் மூதாதையைத் தேடப் புகுந்தால் முதலில் முட்டிக்கொள்வது இந்த வெறுமையில்தான்.

பெரும்பாலோர் இதைக் கடக்கக் கையாளும் வழி ஒன்று உண்டு. பெயரையும் வயதையும் வைத்துக்கொண்டு கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேடுவது. அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015இல் அப்பதிவேடுகளின் படிமங்களைக் கட்டணமின்றி இணையத்தில் ஏற்றியபின் இந்தத் தேடல் மிக எளிதாகிவிட்டது. தவறும் அதே அளவுக்கு எளிதாகிவிட்டது. டிப்பரரி மாவட்டத்தின் ஏதேனும் ஒரு பங்கில் பத்தாண்டுகளைப் புரட்டினால் பல பேட்ரிக் ரயன்கள் கண்ணில் படுவர். அவர்களில் வயது ஒத்துவரும் ஒருவரை எடுத்து, அமெரிக்காவின் அயோவாவில் குடியேறிய தம் மூதாதையான உழவரோடு ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் குழந்தை மூன்று வயதில் இறந்ததா, அதே ஊரில் எழுபது வயதுவரை வாழ்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. பிறப்பு, இறப்பு அனைத்துக்குமான அரசுப் பதிவு அயர்லாந்தில் 1864இல்தான் தொடங்கியது என்பதால் சரிபார்ப்பதும் கடினம்.

இக்கட்டுரையின் வாதம் இதற்கு நேர்மாறான வழியை முன்வைக்கிறது. குடியேறிய உழவரைப் பிறப்புப் பதிவின் வழியே தேடக் கூடாது; நிலத்தின் வழியே தேட வேண்டும். தனியாளாகத் தேடக் கூடாது; அவரோடு வந்த உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்தே தேட வேண்டும்.

தேடல் தொடங்க வேண்டிய இடம் புதிய நாடு. அங்கும் எல்லா ஆவணமும் உதவாது. பயணிகள் பட்டியல் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்பதோடு நின்றுவிடும். 1906க்கு முந்தைய அமெரிக்கக் குடியுரிமைத் தாள்களும் அப்படியே. விக்டோரியா அரசியின்மேல் இருந்த விசுவாசத்தைத் துறப்பதாக ஒரு வரி இருக்கும், ஊர்ப்பெயர் இராது. தேவைப்படுவதோ ஊர்ப்பெயர்தான். அதிலும் மாவட்டப் பெயர் போதாது. ‘டவுன்லாண்ட்’ எனும் மிகச் சிறிய நிலப் பிரிவின் பெயர் வேண்டும். அயர்லாந்தில் அவை 60,000க்கும் மேல் உள்ளன. அந்த ஒரு பெயர் கைக்கு வராதவரை அயர்லாந்துப் பதிவேடுகளைத் திறப்பதில் பயனில்லை.

அது எப்படிக் கிடைக்கும் என்பதற்கு மிகவும் பேசப்பட்ட சான்று ஃபால்மத் கியர்னியினுடையது. ஆஃபலி மாவட்டத்து மணிகால் என்னும் சிற்றூரின் செருப்புத் தைப்பவர் ஜோசஃப் கியர்னியின் மகன். 1850 மார்ச்சில், பத்தொன்பது வயதில், நியூயார்க் வந்திறங்கினார். ஓஹையோவில் சார்லட் ஹாலோவே என்ற பெண்ணை மணந்தார். பின் இண்டியானாவின் டிப்டன் கவுண்டியில் நிலம் உழுது 1878இல் இறந்தார். அவருடைய மகள் மேரி ஆன் வழியே இறங்கிய கிளையில் வந்தவர் பராக் ஒபாமா. 2007இல் மேகன் ஸ்மோலன்யாக் என்னும் குலவரலாற்று ஆய்வாளர் இத்தொடர்பை வெளிக்கொணர்ந்தார். மணிகால் வட்டாரத் திருச்சபைப் பாதிரியாரின் பொறுப்பில் பழைய பதிவேடுகள் தப்பியிருந்தன. அவற்றில் கியர்னி குடும்பம் இருந்தது. 2011 மே 23இல் ஒபாமா அவ்வூருக்கே வந்தார்.

இந்த வெற்றியை எல்லாருக்குமான முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். அது சரியன்று. ஃபால்மத் என்பது அரிதினும் அரிதான பெயர்; பேட்ரிக்குகளுக்கும் மைக்கேல்களுக்கும் அந்த வசதி இல்லை. குடும்பம் அயர்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்தது. அதன் பதிவேடுகளில் பெரும்பங்கு எரிந்துபோயிருக்க, இந்த வட்டாரத்தினுடையவை தப்பியது நற்பேறு. தவிர, அமெரிக்க அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவரின் மூதாதை என்பதால் பலரும் தேடலில் கைகொடுத்தனர். ஆனால் பின்பற்றத்தக்க பாடம் ஒன்று அதில் உண்டு. ஜோசஃபின் சகோதரர் ஃபிரான்சிஸ் முன்பே ஓஹையோவில் நிலம் வைத்திருந்தார். அவர் இறந்தபின் அந்த நிலத்தைப் பெறும்பொருட்டே 1849இல் ஜோசஃப் புறப்பட்டார். மறு ஆண்டு மகன் தொடர்ந்தார். பஞ்ச காலத்துப் பயணம்தான். எனினும் குடும்பத்தை இன்ன இடத்துக்கு இழுத்தது ஒரு வாரிசுச் சொத்து. ஃபால்மத்தை மட்டும் பின்தொடர்ந்தவருக்கு இது தெரியவே வராது. பெரியப்பா சித்தப்பாக்களின் நிலத்தாள்களையும் புரட்டியவருக்கே தெரியும்.

ஹென்றி ஃபோர்டின் குடும்பமும் இதையே சொல்கிறது. கார்க் மாவட்டத்து பாலினாஸ்கார்த்தி அருகே குத்தகை உழவராக இருந்த, ஹென்றியின் பாட்டனார் ஜான் ஃபோர்டு 1847இல் குடும்பத்தோடு கப்பலேறினார். மனைவி தாமசினா பயணத்திலேயே இறந்தார். மிச்சிகனின் டியர்போர்ன் பகுதியை ஜான் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய சகோதரர்கள் 1832இலேயே அங்கே குடியேறியிருந்தனர். ஜான் வாங்கிய 80 ஏக்கரை விற்றவர் மேபரி என்பவர். அவரும் கார்க்கிலிருந்து முன்னரே வந்தவர். விற்பனைப் பத்திரத்தில் வாங்கியவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடுபவர் பாதி வரலாற்றை இழக்கிறார். விற்றவர் யார், சாட்சி யார், எல்லையில் யாருடைய நிலம் என்பவை பழைய ஊரின் தெருவையே சில சமயம் அப்படியே எடுத்துக் காட்டும்.

இதே குடும்பத்தில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. ஹென்றி தம் மாளிகைக்கு ‘ஃபேர் லேன்’ என்று பெயரிட்டார். அது கார்க் நகரத் தெரு ஒன்றின் பெயர். அங்கிருந்து வந்தவர் பேட்ரிக் அஹெர்ன். ஹென்றியின் தாயான மேரி லிட்டோகாட்டை எடுத்து வளர்த்தவர். இரத்த உறவே இல்லை. வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் ஊர்ப்பெயரை மட்டும் நம்பி ஃபோர்டு குலத்தை அந்தத் தெருவில் தேடியிருந்தால் தேடல் திசைமாறிப் போயிருக்கும். அன்பின் நினைவும் மரபின் வழியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

கனடாவில் ஆவணங்களின் நிலைமை இன்னும் வளமானது. பஞ்சத்துக்கு இருபது ஆண்டு முன்பே, கார்க்கின் பிளாக்வாட்டர் பள்ளத்தாக்கைச் சார்ந்த ஏழைக் குடும்பங்களை பிரிட்டிஷ் அரசு தன் செலவில் மேல் கனடாவில் குடியேற்றியது. பொறுப்பாளர் பீட்டர் ராபின்சன். 1823இல் இரண்டு கப்பல்களில் 568 பேர். 1825இல் ஒன்பது கப்பல்களில் 2,024 பேர். ஓராண்டுக்கு மேல் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு மாவும் ஒரு பவுண்டு பன்றிக்கறியும் படியளந்தனர். குடும்பத்துக்கு ஒரு பசு, கோடாரி, ரம்பம், மண்வெட்டி, இரும்புச் சட்டி, விதைக்கு உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும். குளிர்காய்ச்சலில் பலர் முதல் ஆண்டே மாண்டனர். அங்குள்ள பீட்டர்பரோ நகரம் பீட்டர் ராபின்சனின் பெயரைத் தாங்கியது அதன் பிறகுதான்.

அரசுப் பணம் செலவானதால் அரசுக்குக் கணக்கும் காட்ட வேண்டியிருந்தது. அதனால்தான் இம்மக்கள் இவ்வளவு விரிவாகப் பதிவாயினர்: யார், என்ன வயது, எந்த ஊர், எந்த நிலக்கிழார் பரிந்துரைத்தார், எந்த மனை ஒதுக்கப்பட்டது, எத்தனை ஏக்கர் காடு திருத்தினார், எத்தனை புஷல் கிழங்கு எடுத்தார், மேப்பிள் சர்க்கரை எவ்வளவு காய்ச்சினார் என்பது வரை. பேர் சொல்ல ஆளற்றவர் என்று கருதப்படும் ஓர் ஏழைக் குடியானவரைப் பற்றி இத்தனை தகவல் சேர்ந்திருப்பது நெஞ்சை நிறைக்கிறது. அவர் தாமே எழுதிவைத்ததில்லை. நிலத்தைப் பெற்றதால் எழுதப்பட்டார்.

வரலாற்றாய்வாளர் புரூஸ் எலியட் 1988இல் வெளியிட்ட நூலில் இந்த அணுகுமுறையை மிக விரிவாகச் செய்துகாட்டினார். வட டிப்பரரியிலிருந்து கனடா போன 775 புரொட்டஸ்டண்ட் குடும்பங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார். மணிகால் அந்த வட டிப்பரரி எல்லையை ஒட்டியே இருக்கிறது. அவர் கண்டது தெளிவு: போனவர்கள் உறவுச் சங்கிலியில் போயினர், மகன்கள் ஒவ்வொருவருக்கும் நிலம் தேடிக் கொடுப்பதே பல குடும்பங்களின் குறிக்கோள். இதற்கு நான்காண்டு முன் டொனால்டு ஏகன்சன் ஒன்டாரியோவின் அயர்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் நகரச் சேரிகளில் அல்ல, நாட்டுப்புறத்தில் வாழ்ந்ததைக் காட்டியிருந்தார். நிலமற்று, திக்கற்று, தனியே கரைசேர்ந்த அகதி என்னும் உருவம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதற்கு இவ்விரு ஆய்வுகளும் உறுதியான சான்று.

டவுன்லாண்டின் பெயர் கிடைத்தபின் அயர்லாந்தில் பார்க்க வேண்டியவையும் நில ஏடுகளே. 1820களிலும் 1830களிலும் எழுதப்பட்ட தசமபாக ஏடுகள் முதலாவது. 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித்தின் நில மதிப்பீடு அடுத்தது. யார் அனுபவத்தில் எவ்வளவு நிலம், யாரிடமிருந்து குத்தகை, ஆண்டு மதிப்பு எவ்வளவு என்பவை அதில் உண்டு. இவற்றைவிட அருமையானவை மதிப்பீட்டுக்குப் பின்வந்த திருத்த ஏடுகள். நிலம் கைமாறும்போது பழைய பெயரை அடித்துப் புதுப்பெயர் எழுதினர். எந்த ஆண்டில் மாறியது என்பதை மையின் நிறத்தைக் கொண்டே அறியலாம். தந்தை பெயர் அடிபட்டு, விதவைத் தாய் பெயர் வந்து, பின் இளைய மகன் பெயர் நிற்கிறதென்றால், மூத்தவர்கள் எப்போது கப்பலேறியிருப்பர் என்பதற்கு அது ஒரு தடயம். 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது வயதை மெய்ப்பிக்கப் பலர் பழைய கணக்கேட்டிலிருந்து நகல் கேட்டனர். அந்த விண்ணப்பங்கள் எரிந்துபோன 1841, 1851 கணக்கேடுகளின் சில துணுக்குகளை இன்றும் காத்துவருகின்றன. ஞானஸ்நானப் பதிவேட்டை இவை எல்லாம் முடிந்த பிறகே திறக்க வேண்டும். அப்போது அங்கே தெரியும் பேட்ரிக் ரயன் யாரென்பது தானே விளங்கும்.

இவ்வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நில ஏட்டில் நிலமில்லாதவர் இல்லை. உழவரிடம் கூலிக்கு உழைத்து, கால் ஏக்கரில் கிழங்கு போட்டுப் பிழைத்தவர்களே பஞ்சத்தில் அதிகம் மடிந்தனர். அவர்கள் பெயர் கிரிஃபித்திடம் அரிதாகவே கிடைக்கும். பெண்களும் அப்படியே. மேரி ஆன் கியர்னி இல்லாமல் ஒபாமா கிளையே இல்லை. ஆனால் தந்தையின் நிலப் பத்திரத்தில் மகள் எங்கே இருக்கிறாள்? இந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். இங்கே வேறு ஆவணங்கள் துணைக்கு வரும். பாஸ்டனின் ‘பைலட்’ இதழ் 1831 முதல் 1921 வரை, தொலைந்துபோன உறவினரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அவற்றில் பல, பங்கையும் டவுன்லாண்டையும் சொல்பவை. 1850இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட எமிகிரண்ட் சேமிப்பு வங்கி, கணக்குத் தொடங்கியவரை அடையாளங்காண அவருடைய சொந்த ஊரையும் பெற்றோர், உடன்பிறந்தார் பெயர்களையும் எழுதி வைத்தது. வீட்டுவேலைக்குப் போன பெண்கள் இவ்வங்கியில் ஏராளம். இவற்றிலும் ஆள் தனியாக நிற்பதில்லை. உறவோடும் ஊரோடும்தான் நிற்கிறார்.

நிலத்தின் வழியே தேடுகிறவர் தவிர்க்கக் கூடாத ஒரு பக்கம் இன்னும் உண்டு. முதல் பட்டாவுக்கு முன்னும் அந்த மண்ணில் மக்கள் இருந்தனர். ராபின்சனின் 1825 குடியேற்றத்துக்கு ஏழாண்டு முன், 1818இல், பீட்டர்பரோ பகுதியை மிசிசாகா மக்களிடமிருந்து உடன்படிக்கை ஒன்றின் மூலம் அரசு வாங்கியது. டிப்டன் கவுண்டியின் ஒரு பகுதி மயாமி மக்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலம். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் வாரி வழங்கிய 160 ஏக்கர் மனைகளுக்கும் இத்தகைய முன்கதை உண்டு. தம் ஊரில் நிலக்கிழாரால் வெளியேற்றப்பட்டவர், வேறொருவர் வெளியேற்றப்பட்ட நிலத்தில் ஏர் பூட்டினார். இதை எழுதாமல் விடும் குடும்ப வரலாறு முழுமையானதாகாது.

எரிந்தவற்றுக்கு மாற்றான நகல்களை உலகெங்குமிருந்து திரட்டி ‘அயர்லாந்து மெய்நிகர் ஆவணக் கருவூலம்’ 2022இல் திறக்கப்பட்டது. அது தொடர்ந்து வளர்ந்து வருகிறது. குலவரலாறு தொகுப்போர் அதற்குச் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. தம் மூதாதையின் நிலப் பத்திரத்தை நகலெடுக்கும்போது சாட்சிகள், அண்டை நிலத்தார், விற்றவர் பெயர்களையும் சேர்த்து எழுதி வெளியிடட்டும். ஹோம்ஸ்டெட் மனைக்கு ஐந்தாண்டு குடியிருப்பை மெய்ப்பித்த கோப்புகளில் அண்டை வீட்டார் இருவரின் சாட்சியம் இருக்கிறது. குடியுரிமைத் தாளும் இருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் வேறொரு குடும்பம் தேடிக்கொண்டிருக்கும் மூதாதையாக இருக்கக்கூடும்.